கடைமடையிலிருந்து தொடங்கும் கணக்கு: ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சி என்றால் என்ன?

எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில், அதாவது வாய்க்கால் நீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு ஊருக்குத் தார்ச்சாலை வந்தது. வண்டித்தடமாகக் கிடந்த மண்பாதையை முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி, ஜல்லி பரப்பி, தார் ஊற்றினார்கள். நல்ல சாலை. ஆம்புலன்ஸ் வாசல்வரை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் சேறு மிதிக்காமல் பஸ் ஏறினார்கள். அந்த ஆண்டுக் கார்த்திகை மழையில் சாலைக்கு மேற்கே இருந்த வயல்களில் ஐந்து நாள் தண்ணீர் நின்றது. பயிர் அழுகியது. பிறகு காலனித் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆறாம் நாள் இரவு சிலர் மண்வெட்டியோடு போய்ச் சாலையை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் வடிந்தது, சாலை போயிற்று. வெட்டியவர்களுக்கும் வெட்டக் கூடாது என்றவர்களுக்கும் ஓராண்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த மண்பாதையின் நடுவே ஓரிடம் தாழ்வாக இருக்கும். மழைக்காலத்தில் மேற்கு வயல்களின் வடிகால் நீர் அந்தத் தாழ்வின் வழியாகத்தான் பாதையைக் கடந்து கிழக்கே போகும். அளவெடுக்க வந்தவர்கள் மே மாதம் வந்தார்கள். காய்ந்து புல் மண்டிக் கிடந்த பள்ளம் அவர்களுக்கு வடிகாலாகத் தெரியவில்லை. மதிப்பீட்டில் சிறுபாலம் ஏறவில்லை. அங்கே தினமும் ஆடு மேய்த்த பாட்டிக்கு அது தெரியும். அந்த வயல்களில் நாற்று நட்ட பெண்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் கேட்கவில்லை. தாங்களாகப் போய்ச் சொல்லலாம் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

ஒருங்கிணைந்த வளர்ச்சி, மக்கள் பங்கேற்பு என்ற இரண்டு சொற்களையும் அரசு அறிவிப்புகளில் அடிக்கடி பார்க்கிறோம். முதன்முறையாக வார்டு உறுப்பினர் ஆனவர்கள், சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள், கிராம சபைக்குப் போனால் என்ன பேசுவது என்று தயங்கும் இளைஞர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். அந்த இரண்டு சொற்களும் எங்கள் ஊரில் எங்கே விட்டுப்போயின என்று பார்த்தாலே அவற்றின் பொருள் பாதி விளங்கிவிடும்.

ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசையும்

ஒரே ஊருக்குப் பத்துத் திட்டங்களைக் கொண்டுவருவதுதான் ஒருங்கிணைந்த வளர்ச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். குடிநீர்க் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு, அங்கன்வாடிக் கட்டடம் என்று பட்டியல் நீண்டால் ஊர் முன்னேறிவிட்டது என்று எண்ணுகிறோம். பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் தேவைதான். ஆனால் ஊர் என்பது பட்டியலாக இயங்குவதில்லை. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது. எது எதை அசைக்கிறது என்று முதலில் கண்டுகொண்டு, அந்தத் தொடர்பைக் கெடுக்காமல், முடிந்தால் அதையே பயன்படுத்தி வேலை செய்வதுதான் ஒருங்கிணைப்பு.

நெல் உலர்த்தும் களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரி டெல்டாவில் பல ஊர்களில் போதிய களம் இல்லை. அறுவடை இயந்திரம் ஒரே நாளில் பல ஏக்கரை அறுத்துக் கொட்டிவிடுகிறது. அந்த நெல்லைக் கொட்ட இடமில்லாமல் சாலையில் பரப்புகிறோம். இருசக்கர வண்டியில் வருபவர் சறுக்கி விழுகிறார். இரவில் பனி இறங்குகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் நெல்லை எடுக்கத் தயங்குகிறார்கள். காத்திருக்கும் நாட்களில் ஒரு மழை பெய்தால் மூட்டையிலேயே நெல் முளைத்துவிடும். பொறுக்க முடியாதவர் வியாபாரியிடம் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார். அதனால் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனைத் திருப்ப முடியவில்லை. வீட்டுப் பெண்ணின் வளையல் இன்னோர் ஆண்டு அடகில் கிடக்கிறது. களத்துக்கும் வளையலுக்கும் உள்ள இந்தத் தொடர்பு எந்தத் துறையின் கோப்பிலும் இராது. களம் ஒரு துறையின் வேலை, கொள்முதல் இன்னொரு துறையின் வேலை, கடன் மூன்றாவது துறையின் வேலை. அந்த வீட்டுக்கு மட்டும் இவை எல்லாம் ஒரே வேலை.

கழிப்பறையும் இப்படித்தான். டெல்டாவின் தாழ்வான பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்கு மிக அருகே வந்துவிடும். மேட்டு நிலத்துக்கு ஏற்ற உறைக்குழிக் கழிப்பறையை அதே அளவில் இங்கே கட்டினால் மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நிறைந்து, மலநீர் வெளியே வழியும். பக்கத்தில் கைப்பம்பு இருந்தால் குடிநீரும் கெடும். வெயில்காலத்தில் கணக்கெடுத்தவருக்கு அது நூறு விழுக்காடு நிறைவேறிய திட்டம். மழைக்காலத்தில் அந்தக் கழிப்பறையில் விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்தால் மக்களுக்குச் சுகாதார அறிவு இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த மக்கள் அறிவோடுதான் நடந்துகொண்டார்கள்.

டெல்டாவில் எல்லாத் தொடர்புகளும் கடைசியில் தண்ணீரில் வந்து முடிகின்றன. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பிறகு ஜூன் 12 என்ற நாள் இங்கே ஒரு பண்டிகை நாள் போல ஆகிவிட்டது. அணையில் நீர் இருந்து அன்று திறந்தால் குறுவை என்ற முதல் போக நெல் உண்டு, இல்லையென்றால் அடுத்து வரும் சம்பா நெல்லோடு நின்றுவிடும். கல்லணையில் பிரிந்து வரும் நீர் ஆறாக, கிளையாறாக, வாய்க்காலாக, கன்னி வாய்க்காலாகச் சிறுத்துச் சிறுத்துக் கடைசி வயலுக்கு வர வேண்டும். அதே வயலில் மழைக்காலத்தில் தேங்கும் நீர் வடிகால் வழியே கடலுக்குப் போகவும் வேண்டும். நிலம் மிக மெல்லவே கிழக்கே சரிவதால் ஒரு சாண் மேடுகூட நீரின் வழியை மாற்றிவிடும். அதனால்தான் ஒரு சாலையின் உயரம் இங்கே பயிர்க் கேள்வியாகவும் வீட்டுக் கேள்வியாகவும் ஆகிறது.

அந்தத் தண்ணீருக்கு எத்தனை உடைமையாளர்கள் என்று பாருங்கள். ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத் துறையிடம். ஊர்க்குளமும் குட்டையும் ஊராட்சியிடம். கோயில் குளம் அறநிலையத் துறையிடம். வாய்க்காலைக் கடக்கும் சாலை நெடுஞ்சாலைத் துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ இருக்கும். இவர்கள் அனைவரும் ஒரே மேசையில் உட்காரும் நாள் அரிது. இந்த நான்கையும் ஒரே பார்வையில் பார்க்கும் இடம் ஊர்தான்.

முன்பே பட்ட பாடம்

இது புதிதாகக் கண்டுபிடித்த கருத்து அல்ல. தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, வெளிநாட்டில் கணக்கியலும் பொருளாதாரமும் படித்துவிட்டுக் காந்தியிடம் வந்தபோது, குஜராத்தின் மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் மக்களின் பொருளாதார நிலையை ஆராயும்படி காந்தி சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் வரவு என்ன, செலவு என்ன, கடன் என்ன என்று கேட்டு எழுதினார்கள். கேட்டுவிட்டுத்தான் திட்டம் என்ற அந்த முறையை இன்றைக்கும் தாண்டிப் போக முடியவில்லை.

விடுதலைக்குப் பிறகு 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 55 இடங்களில் தொடங்கியது. வேளாண்மை, சுகாதாரம், கல்வி, சாலை எல்லாவற்றையும் சேர்த்து, ஊர் அளவில் கிராம சேவகர் என்ற ஒருவரை வைத்து நடத்திய முயற்சி அது. ஒருங்கிணைப்பு இருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதை ஆராய்ந்த பல்வந்த்ராய் மேத்தா குழு, மக்களின் சொந்த முயற்சியை இது தூண்டவில்லை என்று கண்டது. திட்டம் மேலிருந்து வந்தது, ஊர் கைநீட்டி வாங்கிக்கொண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளிடம் அதிகாரத்தைக் கொடுங்கள் என்று 1957இல் அந்தக் குழு பரிந்துரைத்தது. நம் ஊராட்சி ஒன்றியங்கள் அதன் தொடர்ச்சியாக வந்தவை.

டெல்டாவுக்கென்று தனியாக ஒரு பாடமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1960-61இல் நாட்டிலேயே முதலில் தேர்ந்த ஏழு மாவட்டங்களுள் ஒன்றாகத் தஞ்சாவூரில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் வந்தது. விதை, உரம், கடன், பயிற்சி எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைத்தன. அந்தப் பத்தாண்டுக்குள் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 நெல் ரகம் வயலுக்கு வந்தது. விளைச்சலை உயர்த்தக் கணக்குப் போட்டவர்கள், உயர்ந்த விளைச்சலில் நட்டவருக்கும் அறுத்தவருக்கும் என்ன பங்கு என்ற கணக்கைப் போடவில்லை. கூலிக்கான போராட்டம் வளர்ந்தது. 1968 டிசம்பர் 25 இரவு அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் தலித் வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்குச் சாதியும் நில உடைமையும் காரணம். ஒரு விதைத் திட்டம் அதைச் செய்யவில்லை. ஆனாலும், நெல்லை மட்டும் பார்த்து ஊரின் மற்ற எதையும் பார்க்காத வளர்ச்சியை வளர்ச்சி என்று சொல்ல அந்த இரவுக்குப் பிறகு எனக்கு நா எழுவதில்லை.

அதே மண்ணில் சர்வோதயத் தொண்டர்களான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் 1981இல் லாப்டி என்ற உழுவோர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நில உடைமையாளர்களிடம் பேசி, நிலத்தை நிலமற்ற குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்து, பெண்களின் பெயரில் பதிவுசெய்தார்கள். நிலத்தோடு நிறுத்தவில்லை. பயிர் இல்லாத மாதங்களுக்குப் பாய் நெசவு, தச்சு, கொத்துவேலைப் பயிற்சி, அடுத்து குடிசைகளுக்குப் பதிலாக வீடு என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வேலை விரிந்தது. ஒருங்கிணைப்பு எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். கையில் எதுவும் இல்லாதவரின் முதல் தேவையிலிருந்து தொடங்கினார்கள்.

வடம் பிடிப்பதும் முட்டுக்கட்டை போடுவதும்

அடுத்தது பங்கேற்பு. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வடம் பிடித்து ஆயிரக்கணக்கானோர் இழுக்கிறார்கள். ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் தீர்மானிக்கிறார்கள். தேர் எந்த வீதியில் போகும் என்பதோ அதற்கும் முன்பே தீர்மானமாகிவிட்டது.

பல திட்டங்களில் மக்களை வடம் பிடிக்க மட்டும் கூப்பிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். திறப்பு விழாவுக்கு நாற்காலி போடச் சொல்கிறார்கள். ஒரு நாள் சிரமதானத்துக்கு மண்வெட்டி எடுத்து வரச் சொல்கிறார்கள். இதையெல்லாம் செய்துவிட்டு மக்கள் பங்கேற்றார்கள் என்று அறிக்கை எழுதலாம். எந்த வேலை முதலில் வேண்டும், எங்கே வேண்டும், யார் செய்ய வேண்டும், செலவு எவ்வளவு, முடிந்த வேலை சரியா என்ற ஐந்து கேள்விகளுக்கும் ஊர் பதில் சொல்ல முடிந்தால்தான் அது பங்கேற்பு. எந்த வீதி என்பதையும் ஊரே முடிவுசெய்ய வேண்டும். தேர் வராத தெருக்காரர்களும் அந்த முடிவில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

குடிமராமத்து என்ற பழைய ஏற்பாட்டை இங்கே எல்லோரும் பெருமையோடு நினைவுகூர்வார்கள். பாசனத்துக்கு நீர் வருமுன் ஊர்க்குடிகள் கூடி வாய்க்காலையும் கரையையும் தாங்களே சீர்செய்துகொண்ட வழக்கம் அது. நல்ல வழக்கம்தான். ஆனால் அதை அப்படியே திரும்பக் கொண்டுவர ஆசைப்படுவதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். வெட்டியவர் பெரும்பாலும் நிலமில்லாதவர், பாய்ந்தது மிராசுதார் வயலில். 1858இல் சென்னை மாகாண அரசு இந்த உழைப்பைக் கட்டாயமாக்கச் சட்டமே போட்டது. கட்டாயப்படுத்த வேண்டியிருந்தது என்றால், அந்த வேலையை ஊரார் எல்லோரும் தங்கள் வேலையாக நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரைத் திரும்ப எடுத்தபோது, வேலையைப் பாசனதாரர் சங்கங்களிடம் கொடுத்து, செலவில் 10 விழுக்காடு அவர்கள் பங்காக வைத்தது. பயன்பெறுபவர் பங்கு தருவது என்ற அளவில் அது நியாயம். கூலி வேலை செய்பவரிடம் இலவச உழைப்பைக் கேட்டு அதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைப்பது நியாயமில்லை. அவருடைய நேரத்துக்குக் கூலி வேண்டும், அவருடைய சொல்லுக்குக் கூட்டத்தில் இடம் வேண்டும்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்து, பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. நெல்லை விட்டுத் தென்னைக்குப் போன கடைமடைக்காரர்கள் அந்த ஒரே இரவில் இரண்டையும் இழந்தவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு பேராவூரணிப் பெரியகுளம் ஏரியை இளைஞர்களும் விவசாயிகளும் நிதி திரட்டித் தாங்களே தூர்வாரினார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்த பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். ஊரில் இருந்தவர்கள் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை வாங்கினார்கள். உதவி வரட்டும் என்று காத்திருந்த ஊர், தன் நீருக்குத் தானே பொறுப்பேற்றது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

தரையில் வரைந்த ஊர்

ஊரைக் கேட்பது என்றால் எப்படிக் கேட்பது? கூட்டம் போட்டு உங்களுக்கு என்ன வேண்டும் என்றால் நன்றாகப் பேசத் தெரிந்த நான்கு பேர்தான் பேசுவார்கள். அதற்காகவே சில எளிய வழிகள் இருக்கின்றன. பயிற்சிகளில் பங்கேற்பு மதிப்பீடு என்று சொல்வார்கள். பெயர் கனமாக இருந்தாலும் வேலை எளிது.

ஒரு மரத்தடியிலோ பள்ளி முற்றத்திலோ தரையைக் கூட்டிவிட்டு, கோலமாவும் செங்கல் பொடியும் கொண்டு ஊரை வரையுங்கள். ஆறு, வாய்க்கால், வடிகால், தெரு, கோயில், குளம், ரேஷன் கடை, சுடுகாடு, சுடுகாட்டுக்குப் போகும் பாதை எல்லாம் வர வேண்டும். வரைபவர் கையில் கோலமாவு இருப்பதால் பெண்கள் தயங்காமல் முன்வருவார்கள், இது நான் கண்ணால் கண்டது. வீடுகளுக்குப் புளியங்கொட்டை வையுங்கள். நிலமில்லாத வீட்டுக்கு ஒரு நிறம், பெண் தனியாக நடத்தும் வீட்டுக்கு ஒரு நிறம், மழையில் தண்ணீர் புகும் வீட்டுக்கு ஒரு நிறம் என்று பூவோ இலையோ வைக்கலாம். அரை மணி நேரத்தில் வாக்குவாதம் தொடங்கும். அந்த வாக்குவாதத்துக்காகத்தான் இவ்வளவும். இந்த வாய்க்கால் முன்பு அங்கே போயிற்று, யாரோ வரப்பை நகர்த்திவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார், மற்றவர் மறுப்பார், மூன்றாமவர் நில அளவை வரைபடத்தை எடுத்து வருவார்.

பிறகு நடந்து பாருங்கள். தலைமடையிலிருந்து கடைமடை வரை வாய்க்கால் கரையோரம் ஒரு முறை, வடிகால் ஓரம் ஒரு முறை. மே மாதம் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை. இரண்டு தடவையும் நடந்தால்தான் டெல்டா ஊர் முழுதாகத் தெரியும். ஆகாயத்தாமரை எங்கே அடைக்கிறது, காட்டாமணக்கு எங்கே மண்டியிருக்கிறது, மதகுப் பலகை எங்கே காணாமல் போயிற்று என்று எழுதிக்கொண்டே போங்கள். கடைசி வயல்காரரையும் அந்த வயலில் கூலிக்குப் போகும் பெண்ணையும் கூட அழைத்துச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, பன்னிரண்டு மாதக் கணக்கு. தரையில் பன்னிரண்டு கட்டம் போட்டு, சித்திரை முதல் பங்குனி வரை எப்போது வேலை உண்டு, எப்போது கையில் காசு இல்லை, எப்போது கடன் வாங்குகிறோம், எப்போது பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருகிறது என்று கூழாங்கல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நடவு முடிந்து அறுவடை தொடங்காத ஐப்பசி, கார்த்திகையில்தான் எங்கள் ஊரில் கடன் கல் குவிந்தது. காய்ச்சல் கல்லும் அதே கட்டத்தில் குவிந்தது. ஆண்கள் வைத்த கணக்கிலும் பெண்கள் வைத்த கணக்கிலும் வேலை மாதங்கள் ஒத்துப்போகவில்லை. உளுந்து பறிப்பும் மாடு பார்ப்பதும் ஆண்களின் கணக்கில் வரவே இல்லை. ஆகவே ஆண்களும் பெண்களும் தனித்தனியே கணக்கு வைப்பது நல்லது. குத்தகைக்கு உழுபவர்களையும் தனியே கேளுங்கள். நிலம் அவர்கள் பெயரில் இல்லாததால் வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாடு. இதை நிலக்காரர் எதிரில் அவர்கள் பேச மாட்டார்கள்.

இதெல்லாம் முடிந்ததும் தேவைகளின் பட்டியல் மிக நீளமாக இருக்கும். எல்லாவற்றையும் செய்ய முடியாது. எதை முதலில் எடுப்பது என்பதற்கு நான் பின்பற்றும் வழி ஒன்று உண்டு. எந்த ஒரு வேலையைச் செய்தால் அதிகமான மற்றத் தொல்லைகள் தானாகக் குறையும் என்று பாருங்கள். அப்படி இரண்டு வேலைகள் சமமாக வந்தால் கடைமடைக்கும் கடைசித் தெருவுக்கும் பயன் போகிற வேலையை முதலில் எடுங்கள். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்விட்டது என்றால் வழியில் உள்ள எல்லா வயலுக்கும் போயிருக்கும். முதல் வயலை நிறைத்துவிட்டு மீதியைக் கீழே விடலாம் என்றால் கடைசி வயலுக்கு எதுவும் வராது.

கிராம சபையில் என்ன செய்வது

தரையில் வரைந்ததைத் தாளில் ஏற்றிக் கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்குச் சட்டத் தகுதி கொடுத்திருக்கின்றன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அழைப்பிதழ் தேவையில்லை. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, பயனாளிகள் பட்டியலைப் பார்ப்பது, வரவு செலவுக் கணக்கைக் கேட்பது எல்லாம் அதன் வேலை. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், செய்த வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்யும் உரிமையையும் கொடுத்தது.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். குறைவெண் வரம்பும் உண்டு. மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். வந்தவர்களை எண்ணிப் பாருங்கள்.

நாளைத் தேர்வதில் டெல்டாக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். வாய்க்கால் தூர்வாரும் வேலை ஜூன் 12க்கு முன் முடிய வேண்டும் என்றால், அதற்கான தீர்மானத்தை மே 1 அன்று கொண்டுவருவது காலம் கடந்த செயல். மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தம் எல்லாம் முடிவதற்குள் தண்ணீர் வந்துவிடும். பிறகு நீரோட்டத்திலேயே தூர்வாரியதாகக் கணக்கு எழுதுவார்கள். அதை ஜனவரி 26 கூட்டத்தில் கொண்டுவாருங்கள். ஆனால் அப்போது சம்பா அறுவடை. உழைப்பவர்கள் வயலில் இருப்பார்கள். கூட்டத்தை அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்கும்படி முன்கூட்டியே ஊராட்சித் தலைவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

தீர்மானத்தை எழுதும்போது வாய்க்கால் தூர்வார வேண்டும் என்று மொட்டையாக எழுதாதீர்கள். வாய்க்காலின் பெயர், எங்கிருந்து எங்கே வரை, நில அளவை எண், எத்தனை ஏக்கருக்குப் பயன், எந்தத் தெருவுக்கு வெள்ளம் குறையும், எந்தத் துறையின் பொறுப்பு, வேலையைக் கவனிக்க ஊரில் யார் யார் என்று எழுதுங்கள். கடைசிக் கையெழுத்துக்கு முன் தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நகலும் கேட்டு வாங்குங்கள்.

உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. தலைவராக வந்த பெண்ணின் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்து பேசும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே சுய உதவிக் குழுப் பெண்கள் மொத்தமாகச் சபைக்குப் போய்த் தலைவரையே பார்த்துக் கேள்வி கேட்டால், பதிலும் அவரிடமிருந்தே வரத் தொடங்கும். ஒரு முறையில் நடக்காது, மூன்றாவது நான்காவது கூட்டத்தில் நடக்கும்.

வேலை முடிந்த பிறகு பராமரிப்பு யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். கட்டிய களத்தில் வெடிப்பு விழும், தூர்வாரிய வாய்க்காலில் இரண்டே மழையில் கோரை முளைக்கும். முதலில் திட்டத்தை ஊர் தேர்ந்தெடுத்திருந்தால் பராமரிப்பு முறையை ஏற்க வைப்பது கடினமில்லை. மேலிருந்து வந்த வேலைக்கு மேலிருந்துதான் ஆள் வர வேண்டும் என்று ஊர் காத்திருக்கும்.

எங்கள் ஊரில் சாலையை வெட்டிய அந்தக் கார்த்திகைக்குப் பின் தை பிறந்ததும் பள்ளி முற்றத்தில் கோலமாவில் ஊரை வரைந்தோம். பேசாமல் இருந்த இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஆடு மேய்க்கும் பாட்டி வரைபடத்துக்குள் நடந்து வந்து, சாலை என்று போட்டிருந்த வெள்ளைக் கோட்டை ஓரிடத்தில் காலால் அழித்து, இந்தக் குறுக்கே தண்ணீர் போகும், அந்தக் காலத்தில் இங்கே ஒரு பனங்கட்டை போட்டிருப்பார்கள் என்றார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அதற்கு முன் அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியதில்லை. அடுத்த கிராம சபையில் அந்த இடத்தைக் குறித்துத் தீர்மானம் எழுதினோம். அது நிறைவேற இரண்டு ஆண்டுகள் அலைந்தோம்.

இப்போது அங்கே இரண்டு கண் உள்ள சிறுபாலம் இருக்கிறது. ஒவ்வொரு புரட்டாசியிலும் அதன் வாயில் அடைந்திருக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துப்போட வேண்டும். யாருடைய முறை என்பது ஊர்க்கூட்ட நோட்டில் தெருவாரியாக எழுதியிருக்கிறது. இந்த ஆண்டு எங்கள் தெருவின் முறை.